மேலாளின் மூன்றாண்டு: பர்மாவில் நகரத்தார் முகவர்களின் பணிவாழ்வு

நகரத்தாரின் கடல்கடந்த வட்டித்தொழிலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் முதலாளிகளின் குடும்பங்கள் வழியாகவே அதனை நோக்கியுள்ளனர். ஆனால், கீழைப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் கடைப்பெட்டியின் முன் அமர்ந்து கடன் கொடுத்தவர்களுள் பலர் சம்பளத்திற்குச் சென்ற முகவர்களே. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு (1929-30) அங்கு 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகவும், அவற்றின் மொத்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் எனவும் மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய தொகையை உடைமையாளரல்லாத ஒருவரிடம் கடலுக்கு அப்பால் ஒப்படைக்க இயன்றது எவ்வாறு என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பணிவாழ்வு சிறுவயதிலேயே தொடங்கியது. எண்சுவடியின் வழியாக முந்திரி (1/320) வரையிலான பின்னங்களையும் வட்டிக் கணக்கையும் மனத்தில் இருத்திய சிறுவன், கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். அடுத்து அவன் அடுத்தாள். நம்பிக்கை வளர்ந்தபின் மேலாள். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் தொழில் பழகியதுண்டு. தந்தையின் கடையில் தவறுகளுக்கு மன்னிப்பு எளிதில் கிடைத்துவிடும் என்பது இதற்குக் காரணமாகலாம்.

மேலாளின் பணிக்காலம் வழக்கமாக மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகத் தரப்பட்டது. எஞ்சியது திரும்பிய பின்னர். இதனுடன் இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. மனைவி மக்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தனர். கடையின் நிலையைக் காட்டும் ஐந்தொகை முறையாக முதலாளிக்கு அனுப்பப்பட்டது. தவணை முடிந்ததும் புதிய மேலாள் வந்து பழைய கடன்களை ஏற்றுக்கொள்வார். டேவிட் ரட்னர் 1994இல் வெளிவந்த தம் நூலில் சாதியமைப்பையே இத்தொழிலின் நிறுவன அடித்தளமாகக் காட்டினார். சாதியின் பங்கை மறுப்பதற்கில்லை. எனினும், பின்வருபவர் கணக்கைப் பிரித்துப் பார்ப்பார் என்ற உறுதியும், ஊதியத்தின் ஒரு பகுதி ஊரில் காத்திருந்ததும் நம்பிக்கைக்கு அளித்த வலுவும் அதனினும் குறைந்ததன்று.

கடையின் முதல் இருவகை: உரிமையாளரின் 'முதல் பணம்', பிறரிடமிருந்து பெற்ற 'மேல் பணம்'. பெண்களின் ஆச்சிமால் கணக்குகளும் கோயில் நிதிகளும் பின்னதில் அடங்கும். தம்முள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டி விகிதத்தை ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி முடிவுசெய்தனர். முகவரும் தம் சேமிப்பைக் கடையிலேயே வட்டிக்கு விட்டு, காலப்போக்கில் பங்காளியாகவோ தனிக்கடை உரிமையாளராகவோ உயர வழியிருந்தது. மூன்றாண்டுத் தனிமையைப் பொறுத்துக்கொள்ளச் செய்தது இந்த ஏணிதான்.

1930இல் நெல்விலை சரிந்தபோது இவ்வேணி முறிந்தது. கடையின் கடனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேளாண்மையில் முடங்கியிருந்தது. கடனைத் தீர்க்க இயலாத உழவர் நிலத்தை இழந்தனர். கீழைப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. பர்மிய உழவரின் நோக்கில் இது பறிப்பு. அவர்களது சினம் நியாயமற்றதன்று. முகவரின் நிலையோ வேறு. மூன்றாண்டுக்குள் பணமாகத் திரும்பக்கூடிய கடனுக்கென உருவான ஒப்பந்தத்தில், வாங்குவாரற்ற நிலத்திலிருந்து இலாபப் பங்கைப் பிரிப்பது எங்ஙனம்? கடன் கேட்பவரின் நாணயத்தை எடைபோடக் கற்றவர் குத்தகை வசூலிப்பவரானார்.

1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் கடைகளைப் பூட்டிவிட்டு வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. இழப்பீடு குறித்த வாதங்கள் நிலவுடைமையாளரின் உரிமையைச் சுற்றியே நிகழ்ந்தன. நிலமாக உறைந்துபோன இலாபத்தில் தமக்குரிய பங்கை எதிர்நோக்கியிருந்த மேலாட்களுக்கு அவ்வழக்கில் இடமில்லை.