புதைகுழியில் வைத்த கண்ணாடிக் கோப்பைகள்

செயின்ட்-மிஷேலில் எம்மவர் வீடுகள் பலவற்றின் கண்ணாடி அலுமாரியில் விருந்தாளிகளுக்கென்று சில கோப்பைகள் இருக்கும். பிள்ளைகள் தொட்டால் ஏச்சுத்தான். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் அத்தகைய கோப்பைகளை இறந்தவரோடு சேர்த்தே புதைத்தார்கள்.

2003 இல் சவுத்எண்டின் பிரிட்டில்வெல்லில், வீதி அகலிப்பதற்கு முன் நடந்த அகழ்வில் மரத்தால் கட்டிய புதைகுழி அறை ஒன்று வெளிப்பட்டது. அமில மண் உடலைக் கரைத்துவிட்டிருந்தது. எஞ்சியவை பல்லின் மேற்படலத் துணுக்குகள் மட்டுமே. ஆனால் நீலத்தில் இரண்டும் பச்சையில் இரண்டுமாக நான்கு கண்ணாடிக் கோப்பைகள் கிடைத்தன. தனியாகக் குடிப்பவருக்கு நான்கு கோப்பை எதற்கு? விருந்து கொடுப்பவராகவே அவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று நாம் கருதுகிறோம்.

1883 இல் டப்ளோவில் கிடைத்த நான்கு கோப்பைகளின் வேலைப்பாடு இன்னும் நுட்பமானது. ஊதிய கோப்பையின் சுவரில் உருகிய கண்ணாடித் துளியை ஒட்டுவார்கள். அந்த இடம் இளகியதும் உள்ளிருந்து ஊதி, வெளியே இழுத்து, நகம்போல வளைத்துக் கீழே ஒட்டிவிடுவார்கள். நகத்தின் உள்ளே வெற்றிடம் என்பதால் பானம் அதற்குள்ளும் இறங்கும். வேறு சில கோப்பைகளுக்கு அடி கூர்மையாகவோ உருண்டையாகவோ இருக்கும். நிமிர்த்தி வைக்க முடியாது, குடித்து முடித்த பிறகுதான் கையை விட்டு இறக்கலாம்.

மூலக் கண்ணாடி எகிப்து, லெவன்ட் கரைகளிலிருந்து வந்தது. உடைந்த உரோமக் கண்ணாடியையும் உருக்கிச் சேர்த்தார்கள். மிரோன் கற்குழி குப்பைக் கிடங்காகிப் பின் பூங்காவானதைக் கண்ட எமது அயலுக்கு இது புதினமல்ல. அக்கால நகைகளில் பதித்த சிவப்புக் கற்கள் சில இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

எமது பக்கத்தில் இறந்தவரோடு வைத்தது மட்பாண்டம். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த புதைகுழியில் எலும்புக்கூட்டுடன் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் கிடைத்தன. கண்ணாடிக்கு மாந்தையைப் பார்க்க வேண்டும். அத்துறைமுகத்தில் மணிகளும் வெளிநாட்டுக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. 1980 இல் தொடங்கிய அந்த அகழ்வு 1984 இல் போரால் நின்றது. அறிக்கை நூலாக வெளிவந்தது 2013 இல்.