கிளாரெண்டன்: பொதுச்சொல்லாகிவிட்ட ஓர் எழுத்துரு

அகராதியைப் பிரித்ததும் கண் தலைச்சொல்லில் போய் நிற்கிறது. அது தடித்த எழுத்தில் இருப்பதை எவரும் தனியே கவனிப்பதில்லை. 1845-க்கு முன் ஆங்கில அச்சில் இவ்வழக்கம் இயல்பாகியிருக்கவில்லை. வரிக்குள் ஒரு சொல்லைப் பிரித்துக்காட்டச் சாய்வெழுத்தையோ, உருவில் குறுக்கிய தலைப்பெழுத்தையோ, பழைய கோதிக் எழுத்தையோ நாடினர்.

தடிமன் அன்று சுவரொட்டியின் பண்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் எழுத்து வார்ப்பகங்கள் பரிசுச்சீட்டு விளம்பரங்களுக்கெனப் பருத்த எழுத்துகளை வார்த்தன. அவற்றுள் ஒன்று ராபர்ட் தோர்ன் நடத்திய ஃபேன் தெரு வார்ப்பகம். அத்தகைய எழுத்தை நூலின் வரிக்குள் வைத்தால் அண்டைச் சொற்களோடு அது ஒட்டாது.

1845-இல் அதே வார்ப்பகத்தின் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டதே கிளாரெண்டன். செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். இதில் செரிஃப், அதாவது கோட்டின் முனையில் குறுக்காக நிற்கும் கட்டை, கூர்மையாக வெட்டுப்படாமல் வளைந்து கோட்டோடு இணைகிறது. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையிலான வேறுபாடு குறைவு. அகலமும் சற்றே ஒடுங்கியது. ஆகவே சாதாரண ரோமன் எழுத்தின் அருகில் அதே வரியில் உறுத்தாமல் நின்றது. கிளாரெண்டனின் உண்மையான புதுமை இந்த இணக்கமே. அதன் கறுமை அன்று.

பெஸ்லி 1842-ஆம் ஆண்டின் அலங்கார வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் இதைப் பதிவுசெய்தார். பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அது முடிந்ததும் போட்டி வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. அமெரிக்க மரஎழுத்துச் சுவரொட்டிகள் வரை அதன் சாயல் பரவியது. இன்றும் 'பழைய மேற்கு' என்றதும் நினைவில் எழும் எழுத்து அந்த வழித்தோன்றல்தான். பெஸ்லிக்கு இழப்பாக அமைந்த இந்நகலெடுப்பே மொழியியலாளருக்குச் சுவையானதொரு விளைவைத் தந்தது. பிரித்தானிய அச்சகங்களில் 'கிளாரெண்டன்' என்பது குறிப்பிட்ட ஓர் எழுத்துருவின் பெயர் என்ற நிலையைக் கடந்து, தடித்த எழுத்து எதற்கும் பொதுப்பெயராயிற்று.

ஜேம்ஸ் மரேயின் பேரகராதி, பின்னாளைய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, 1884-இல் முதல் பகுதியாக வெளிவந்தபோது தலைச்சொற்கள் கிளாரெண்டனில் நின்றன. வெளியிட்ட அச்சகத்தின் பெயரும் கிளாரெண்டன் என்பது வேடிக்கை. அந்தப் பக்கத்தில் தலைச்சொல், பொருள் விளக்கம், மேற்கோள் ஆகியவை நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. மேற்கோளின் ஆண்டுகூடத் தடித்த எழுத்தே. ஒரு சொல்லின் பல நூற்றாண்டு வரலாற்றை ஆண்டுகளின் மீது மட்டும் கண்ணை ஓட்டி வாசித்துவிடலாம். வரலாற்று முறை அகராதியியலை வெறும் கோட்பாடாகப் பயில்வோர் இந்த அச்சுத் தொழில்நுட்பத்தைப் பெரும்பாலும் தவறவிடுகின்றனர்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு தமிழுக்கு இல்லை. சாய்வெழுத்தும் அதன் எழுத்து மரபில் பிறந்ததன்று. தமிழ் அகராதிப் பக்கத்தில் தலைச்சொல்லைத் தனித்துக்காட்டும் சுமை தடிமன்மீது இன்னும் கூடுதலாக விழுகிறது.