சிக்கனத்தில் பிறந்த அச்சம்: ‘ஹாலோவீன்’ திரைப்படத்தின் வரலாறு

ஹாலிவுட்டின் பெருநிறுவனங்களைச் சாராமல் தனியார் முதலீட்டில் எடுக்கப்படும் படங்கள் சுயாதீனப் படங்கள் எனப்படுகின்றன. அவ்வாறு உருவாகி, 1978 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் முதலில் திரையிடப்பட்ட ‘ஹாலோவீன்’, ‘ஸ்லாஷர்’ எனும் திகில்பட வகைக்கு வாய்பாடு வகுத்த படமாகத் திரைவரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கொலைகாரன் ஒருவன் கத்தி போன்ற கூரிய ஆயுதத்தோடு இளையோரை ஒருவர்பின் ஒருவராக வேட்டையாட, கடைசியில் எஞ்சும் ஒரு பெண் அவனை எதிர்த்து நிற்பதே இவ்வகையின் பொதுவான கதையமைப்பு. கனடாவின் ‘பிளாக் கிறிஸ்துமஸ்’, டெக்சாஸில் படமான ‘தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ ஆகிய இரண்டும் 1974இலேயே வெளிவந்துவிட்டன என்பதால் ‘ஹாலோவீன்’ இவ்வகையின் முதல் படம் அன்று. பழைய திகில்படங்களிடம் அது பட்ட கடனே அதன் தனித்தன்மை. அந்தக் கடன் முன்னோடிகளுக்குச் செலுத்திய வணக்கமாக இருந்ததோடு, பணம் போதாத ஒரு படக்குழு கைக்கொண்ட தொழில்முறையாகவும் இருந்தது.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்படும் இளம்பெண்களைக் கொலைகாரன் ஒருவன் பின்தொடர்வதாகப் படமெடுக்கலாம் என்ற கருத்தைத் தயாரிப்பாளர் இர்வின் யாப்லான்ஸ் முன்வைக்க, முஸ்தபா அக்காத் ஏறக்குறைய 3 லட்சம் டாலர் முதலிட, இயக்குநர் ஜான் கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும் திரைக்கதை எழுதினர். மாறுவேடமும் பேய்க்கதையுமாகக் கொண்டாடப்படும் அக்டோபர் 31ஆம் நாளின் ஹாலோவீன் இரவே கதைக்களம். இலினாய் மாநிலத்துக் கற்பனை ஊரொன்றில் இலையுதிர் காலத்தில் நடக்கும் கதை, கலிபோர்னியாவின் சவுத் பாசடினாவில் இளவேனிற்காலத்தில் படமாக்கப்பட்டதால், பழுத்த இலைபோல் வண்ணமடித்த இலைகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் அவற்றைப் பொறுக்கியெடுத்து அடுத்த காட்சிக்குப் பயன்படுத்தினர். இத்தனைக்கும் பின்னணியில் பனைவகை மரங்கள் தலைகாட்டுவதை முழுதும் தவிர்க்க முடியவில்லை.

இப்படம் மிகுதியும் கடன்பட்டிருப்பது 1960இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’வுக்கே. அப்படத்தில் குளியலறையில் கொல்லப்படும் பெண்ணாக நடித்த ஜேனட் லீயின் மகள் ஜேமி லீ கர்டிஸ் இதில் நாயகியாக அறிமுகமானார், மனநல மருத்துவருக்குச் சூட்டப்பட்ட லூமிஸ் என்ற பெயர் ‘சைக்கோ’வின் கதைமாந்தருடையது, டாமி டாயில் எனும் சிறுவனின் பெயரோ ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வில் வரும் துப்பறிவாளரை நினைவூட்டுவது. கதையில் வரும் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்ப்பதும் 1951இல் வெளியான ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு’ எனும் பழைய படத்தைத்தான். பெயர்களைக் காட்டிலும் ஆழமானது முறைமையில் பட்ட கடன். கத்தி உடலைக் கிழிப்பதை வெளிப்படையாகக் காட்டாமல், வெட்டுக்காட்சிகளின் வேகத்தாலும் ஒலியாலும் அதைப் பார்வையாளர் மனத்தில் நிகழவைத்தார் ஹிட்ச்காக். கார்ப்பென்டரும் குருதியை மிகக் குறைவாகவே காட்டி, வருவானா மாட்டானா என்ற காத்திருப்பை நீட்டினார்.

படத்தின் தொடக்கக் காட்சியில், கேமராவே கொலைகாரனின் கண்ணாக வீட்டைச் சுற்றிவந்து, படியேறி, முகமூடியின் இரு துளைகள் வழியே கொலையைக் காண்கிறது. முகமூடி கழற்றப்படும்போதுதான் அந்தக் கண்கள் ஆறு வயதுச் சிறுவனுடையவை என்று தெரியவருகிறது. தூக்கிக்கொண்டு நடந்தாலும் படம் குலுங்காதபடி காக்கும் ‘பானாகிளைடு’ கருவியை ஒளிப்பதிவாளர் டீன் கண்டி இப்படத்தில் பயன்படுத்தினார். வளர்ந்த கொலைகாரன் அணியும் முகமூடி, ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமாகக் கடையில் மலிவாக விற்றது. கலை இயக்குநர் டாமி லீ வாலஸ் அதன் கண்துளைகளை அகலமாக்கி வெள்ளையடித்தபோது, எவ்வுணர்ச்சியும் இல்லாத வெறுமுகம் ஒன்று கிடைத்தது. நாயகி இருண்ட வாசலருகே நிற்கும் காட்சியில், சிறு விளக்கொன்றின் ஒளியை மெல்ல மெல்லக் கூட்ட, அவளுக்குப் பின்னே அந்த வெளுத்த முகம் இருளிலிருந்து துலங்கிவருகிறது.

இசையிலும் இதே சிக்கனம் காணப்படுகிறது. நரம்பிசைக் கருவிகளை மட்டுமே கொண்டு ‘சைக்கோ’வுக்கு இசையமைத்த பெர்னார்டு ஹெர்மனைப் போலவே, கார்ப்பென்டரும் சில கருவிகளோடு நின்றார், தந்தையிடம் பாங்கோ மேளத்தில் கற்ற ஐந்தெண்ணிக்கைத் தாளத்தைப் பியானோவில் வாசித்து, சிந்தசைசர் ஒலிகளைச் சேர்த்துத் தாமே இசையமைத்தார். நாலெண்ணிக்கைக்குப் பழகிய செவிக்கு அந்தத் தாளம் நிலைகொள்ளாத உணர்வைத் தருகிறது.

முதலீட்டைப்போல் நூறு மடங்குக்கும் மேல் வசூலித்த இப்படத்தின் வெற்றி, 1980இன் ‘ஃப்ரைடே தி 13த்’ முதலாகப் பல படங்களுக்கு வழிதிறந்தது. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை பண்டிகை நாளையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, ‘ஹாலோவீன்’ காத்த அடக்கத்தைக் கைவிட்டு, குருதியையும் ஒப்பனைத் தந்திரங்களையும் நம்பின. 1996இல் வெஸ் கிரேவன் இயக்கிய ‘ஸ்க்ரீம்’ படத்தில் இளைஞர்கள் ‘ஹாலோவீன்’ படத்தையே வீடியோவில் பார்ப்பதும், கொலையாளிகளுள் ஒருவன் லூமிஸ் என்ற பெயர் தாங்கியிருப்பதும், வணக்கம் செலுத்திய படமே வணக்கத்துக்குரிய முன்னோடியாகிவிட்டதைக் காட்டுகின்றன. 2006இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத்தக்க படைப்பாக இதனைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. பழைய படங்களின் பெயர்களை எடுத்தாளும் திகில்படங்கள் பின்னர் பெருகின. ஆனால் குறைவாகக் காட்டி மிகுதியாக அஞ்சவைக்கும் அப்பழைய படங்களின் கலையை, இல்லாமையின் நெருக்கடியிலும் முறையாகப் பயின்றதாலேயே ‘ஹாலோவீன்’ இந்த இடத்தைப் பெற்றது.