கார்புரேட்டரும் மின் ஊசியும்



ஒரு பெட்ரோல் எஞ்சின் செவ்வையாக ஓட வேண்டுமாயின், எடைக் கணக்கில் ஏறக்குறைய 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் கலத்தல் வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை கக்கும். குறைந்தால் எஞ்சின் திணறும், சூடேறும். இந்தக் கலவையை அளந்து கொடுப்பது யார் என்பதே மோட்டார் வண்டியின் வரலாற்றில் நெடுநாள் நடந்த வழக்கு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கார்புரேட்டர் என்னும் சிறு பாத்திரம் அந்தப் பொறுப்பைச் சுமந்திருந்தது. பின்னர் அது மின்சாரத்தால் திறந்து மூடும் ஊசிவால்வுகளுக்கும், அவற்றை ஆளும் ஒரு பெட்டிக்கும் சென்றது. அம்மாற்றம் நிகழ்ந்த வகையையும், பழைய வண்டியொன்றில் புதுமுறை எஞ்சினைப் பொருத்துவோர் கம்பி இணைப்பில் அத்தனை பாடுபடுவதன் காரணத்தையும் இன்று எடுத்துரைக்கக் கருதுகிறேன்.

தெளிப்பு முறைக் கார்புரேட்டரை 1893-ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக். குறுகிய கழுத்தின் வழியே காற்று பாயும்போது அதன் வேகம் கூடுகிறது. வேகம் கூடவே அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் அருகிலுள்ள நுண்துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் துளிகளாக்கிக் காற்றோடு அனுப்புகிறது. நீங்கள் வகுப்பில் படிக்கும் பெர்னூலி தத்துவமே இது. தொட்டியில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. இதற்கு ஒரு மின்கம்பியும் வேண்டியதில்லை. ஒரு திருகாணிச் சுழற்றியும் கூரிய காதும் உடைய மெக்கானிக் இதனைச் சீர்செய்துவிடுவார். இத்தகைய எளிய கருவியைக் குறை கூற எவருக்கும் எளிதில் மனம் வராது.

எனினும் குறைகள் இருந்தன. குளிர்ந்த காலையில் ஒரு விதம், மலையேற்றத்தில் ஒரு விதம், நண்பகலில் ஒரு விதம் என்று கலவை மாறும். பாத்திரத்துக்கு அருகிலுள்ள சிலிண்டருக்கு மிகுதியும், தொலைவிலுள்ளதற்குக் குறைவுமாகப் பெட்ரோல் போய்ச் சேரும். மிதவையோ புவியீர்ப்பை நம்பி வாழ்வது. அந்த நம்பிக்கை பொய்க்கும் இடமும் உண்டு என்பது 1940-இல் இங்கிலாந்தின் வானத்திலே தெரியவந்தது.

பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் கார்புரேட்டர் கொண்டது. ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் இருந்த டெய்ம்லர்-பென்ஸ் 601 எஞ்சினோ, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் பம்பு உடையது. துரத்தப்படும் ஜெர்மானிய விமானி மூக்கைக் கீழே சாய்த்துத் திடீரென்று பாய்ந்து இறங்குவான். பின்தொடரும் பிரிட்டிஷ் விமானி அவ்வாறே செய்தால், அவனது மிதவை நிலைகுலையும். எஞ்சின் இருமி நிற்கப் பார்க்கும். அந்தச் சில விநாடிகளில் எதிரி தப்புவான். அல்லது திரும்பிச் சுடுவான். ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், எரிபொருள் பாதையில் வைக்கத்தக்க துளையிட்ட சிறு தடுப்பு ஒன்றை வகுத்தார். 1941-இல் அது படைப்பிரிவுகளின் விமானங்களில் பொருத்தப்பட்டது. நோய் முற்றும் தீரவில்லை. ஆனால் உயிர்கள் காக்கப்பட்டன. மிகச் சிறிய ஒரு பாகம் இத்தனை பெரிய கைம்மாறு செய்ததற்கு எடுத்துக்காட்டுத் தேடுவோருக்கு நான் இதனையே சொல்வேன்.

போருக்குப் பின் பம்பு முறை தரைக்கு வந்தது. 1954-இல் மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். என்னும் வண்டி பாஷ் கம்பெனியின் யாந்திரிகப் பம்புடன் விற்பனைக்கு வந்தது. 1957-இல் அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட்டும் ஒருவகை யாந்திரிக முறையை மேற்கொண்டது. இவை விலையுயர்ந்தவை, நுண்ணிய வேலைப்பாடு கொண்டவை. நடுத்தரக் குடும்பத்தின் வண்டிக்கு இவை எட்டாக்கனி.

இந்நிலையில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனியார் துணிவான யோசனை ஒன்றை முன்வைத்தனர். பெட்ரோலை ஒரே அழுத்தத்தில் குழாயில் நிறுத்தி வைப்போம். ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் மின்காந்தத்தால் திறக்கும் ஒரு வால்வை வைப்போம். வால்வு திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பெட்ரோலின் அளவை ஆள்வோம் என்பதே அது. அளவை நேரமாக மாற்றிய இந்தக் கருத்தில்தான் அதன் மேன்மை இருக்கிறது. நேரத்தை அளப்பது பம்பின் வேலையன்று, மின்சுற்றின் வேலை. எஞ்சினுள் நிலவும் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் உணர்கருவிகள் அறிவிக்க, டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு பெட்டி விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளைக் கணக்கிட்டு வால்வுக்கு ஆணையிடும். இதற்கு 'எலெக்ட்ரோஜெக்டர்' என்று பெயரிட்டனர்.

1957-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனி தன் ராம்ப்ளர் ரெபெல் வண்டிக்கு இதனை அறிவித்தது. ஆனால் பொதுமக்களுக்கு விற்கும் நிலை வரவில்லை. மறு ஆண்டு கிரைஸ்லர் நிறுவனம் தன் 1958 மாதிரிகளான கிரைஸ்லர் 300டி, டிசோட்டோ, டாட்ஜ், பிளிமத் ஆகியவற்றில் சிலவற்றுக்கு விற்பனையே செய்தது. மொத்தம் 35 வண்டிகள் அளவே இருக்கலாம். அந்நாளைய மின் உறுப்புகள் எஞ்சினின் சூட்டுக்கும் அதிர்வுக்கும் ஈடுகொடுக்க இயலவில்லை. வண்டி நின்றது, கிளம்ப மறுத்தது, ஒரு நாள் ஓடி மறு நாள் முரண்டு பிடித்தது. பழுது பார்ப்போருக்கோ அந்தப் பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று தெரியாது. ஆகவே அவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து மின் ஊசிகளைக் கழற்றியெறிந்து, பழையபடி இரண்டு கார்புரேட்டர்களைப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

இதனைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போகும் நூல்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யோசனை பிழையன்று, அதைத் தாங்கும் உறுப்புகள் இன்னும் பிறக்கவில்லை என்பதே உண்மை. டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதே 1947-இன் இறுதியில்தான். பத்தே ஆண்டு வயதுடைய குழந்தையைக் கொதிக்கும் உலையருகே காவலுக்கு நிறுத்தியதுபோல் ஆயிற்று. பிற்காலத்தில் ஒரு டிசோட்டோ வண்டி, அதே எலெக்ட்ரோஜெக்டர் கருவிகளைச் செப்பனிட்டு மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. உறுதியான உறுப்புகள் கிடைத்த காலத்தில் அந்தப் பழைய யோசனை ஓடிக்காட்டியது.

பெண்டிக்ஸின் உரிமைகள் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியிடம் சென்றன. அங்கே பொறுமையாக வேலை நடந்தது. இதற்குள் கலிபோர்னியாவில் வேறொரு நெருக்கடி முற்றியிருந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தார் கண்ணெரிச்சலோடும் இருமலோடும் வாழ்ந்தனர். அந்தப் புகைமூட்டம் வண்டிகள் வெளியிடும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலறிஞர் காட்டியிருந்தார். 1966 மாதிரி வண்டிகளிலிருந்து கலிபோர்னியாவும், 1968 மாதிரிகளிலிருந்து அமெரிக்கக் கூட்டரசும் புகைக்கு வரம்பு கட்டின. அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த ஃபோல்க்ஸ்வாகன் கம்பெனிக்கு இது வாழ்வா சாவா என்ற வினா. 1967-இல் பாஷ் கம்பெனியின் 'டி-ஜெட்ரானிக்' முறை ஃபோல்க்ஸ்வாகன் 1600 வண்டியில் வந்தது. 'டி' என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. விமானப்படையும் பந்தய வீரர்களும் விரும்பிய பொருளை இறுதியில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது வேகமன்று, புகைச் சட்டமே என்பதைக் கவனியுங்கள்.

அதன் பின் நடந்தவை விரைவானவை. காற்றின் அளவை நேரே அளக்கும் முறை 1970-களின் முற்பகுதியில் வந்தது. 1976-இல் வால்வோ கம்பெனி, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள பிராணவாயுவை அறியும் உணர்கருவியைக் கலிபோர்னியாவுக்கான வண்டிகளில் வைத்தது. 1979-இல் பாஷ் முறையொன்று பி.எம்.டபிள்யூ. வண்டியில் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியின் ஆட்சிக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 என்னும் புகை வரம்பு நடைமுறைக்கு வந்தபோது, புதிய மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும்கூடக் கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்றது.

இனி, பழைய வண்டியில் புதிய எஞ்சினைப் பொருத்தும் செய்திக்கு வருவோம். 1985-இல் ஷெவர்லே கார்வெட், கமாரோ வண்டிகளில் மின் ஊசி எஞ்சின்கள் வந்தன. 1997-இல் கார்வெட்டில் எல்.எஸ். வகை எஞ்சின் வந்தது. விபத்தில் நொறுங்கிய வண்டிகளிலிருந்து இவற்றை எடுத்து, 1950, 1960-களின் வண்டிகளில் பொருத்தும் கலை அமெரிக்காவில் பெருகியது. இரும்பு வேலை எளிது. தாங்கிகளைச் செய்து எஞ்சினை அமர்த்திவிடலாம். கம்பிகளே பெரும் சோதனை. முற்கூறிய வரலாறு இங்கே வயது முதிர்ந்த ஒரு வண்டியின் முகப்பைத் திறந்தவுடன் எதிர்ப்படுகிறது.

முதலில் மின்சாரத்தின் இயல்பையே பார்க்க வேண்டும். பழைய வண்டிகள் பல 6 வோல்ட் பாட்டரி கொண்டவை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். புதிய பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும். எதிர்முனையே சட்டத்தில் இருக்க வேண்டும். இதனைப் பாராமல் இணைத்தால் பெட்டி கணத்தில் பாழாகும். பழைய டைனமோ எஞ்சின் மெல்ல ஓடுகையில் போதிய மின்சாரம் தராது; பெட்ரோல் பம்பும் ஊசிகளும் சேர்ந்து கேட்பது மிகுதி. ஆல்டர்னேட்டர் அமெரிக்க வண்டிகளில் பரவத் தொடங்கியது 1960-இல் கிரைஸ்லரின் வேலியன்ட் வண்டியிலிருந்துதான். ஆகையால் அதற்கு முந்திய வண்டியில் அதனையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்து, பெட்டிக்கு இருவகை மின்னூட்டம் தேவை. ஒன்று எப்போதும் உயிரோடிருப்பது. பெட்டி கற்றுக்கொண்ட கணக்குகளை மறவாதிருக்க அது உதவும். மற்றொன்று சாவியைத் திருப்பினால் வருவது. இந்த இரண்டாவதில்தான் அனுபவமில்லாதார் பலர் இடறுகின்றனர். பழைய வண்டியில் தீப்பொறிச் சுருளுக்குப் போகும் கம்பியில் மின்தடை சேர்த்திருப்பார்கள். சுருள் சூடாகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்தக் கம்பியையே பெட்டிக்கு இணைத்தால் 12 வோல்ட்டுக்குப் பதில் மிகக் குறைந்த அழுத்தமே கிடைக்கும், பெட்டி தடுமாறும். வானொலிப் பெட்டிக்குப் போகும் கம்பியை எடுத்தாலோ வேறொரு துன்பம். ஸ்டார்ட்டர் சுழலும்போது அந்தச் சுற்று அணைந்துவிடும். சாவி 'ஓட்டம்' என்ற நிலையிலும் 'தொடக்கம்' என்ற நிலையிலும் ஒருங்கே மின்சாரம் தரும் முனையை மீட்டரால் சோதித்துக் கண்டறிந்து, அதனைக் கொண்டு ஒரு ரிலேயை இயக்கி, பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே நேரே பெட்டிக்குக் கொடுப்பதே முறை.

பம்பின் செய்தி உயிரோடு தொடர்புடையது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தரும் பழைய பம்பு சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அளவில் தள்ளும். மின் ஊசிக்கு 40 முதல் 60 பவுண்டு வரை வேண்டும். பழைய ரப்பர்க் குழாய் இதனைத் தாங்காது. வெடித்தால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சும். இதனால்தான் பம்பைச் சாவியோடு நேரே இணைத்தல் கூடாது என்கின்றனர். பெட்டியின் ஆணைப்படி இயங்கும் ரிலே வழியே இணைத்தால், சாவி திருப்பியதும் பம்பு ஏறக்குறைய இரண்டு விநாடி ஓடிக் குழாயை நிரப்பும். எஞ்சின் சுழலும் சைகை வராவிட்டால் நின்றுவிடும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். சோம்பலால் இந்த ஒரு கம்பியைத் தவிர்ப்பவன் தன் வண்டியில் ஏறும் குழந்தைகளையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறான்.

எர்த் இணைப்பைப் பலர் அற்பமாக எண்ணுகின்றனர். சில உணர்கருவிகள் அனுப்பும் சைகை ஒரு வோல்ட்டிலும் சிறு பகுதியாக இருக்கும். துருவும் வர்ணமும் படிந்த தகட்டில் எர்த்தைத் திருகினால், அந்தச் சிறு பகுதி எங்கோ தொலைந்துபோகும். சுரண்டிப் பளபளப்பாக்கிய உலோகத்தில், எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் பாட்டரிக்கும் தடித்த பட்டைகளால் இணைப்புத் தர வேண்டும். சுழல்தண்டின் நிலையை அறிவிக்கும் கம்பியைத் தீப்பொறிக் கம்பிகளுக்கு அருகே கொண்டுசெல்லலாகாது. அதற்கு உறை போட்டிருப்பதன் காரணமும் இதுவே. 1958-இன் கருவிகளை வாட்டிய சூடும் அதிர்வும் புதிய கருவியையும் விடாது பற்றவரும். இப்போது தடுக்கும் வழி தெரியும், அவ்வளவே.

பிற்கால எஞ்சின்கள் சிலவற்றில் திருட்டைத் தடுக்கும் பூட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கும். சாவியிலுள்ள சில்லை அறியாவிட்டால் எஞ்சின் ஓடாது. எஞ்சினை வாங்குவோர் அதன் பெட்டி, கம்பிக்கற்றை, சாவி ஆகியவற்றை ஒரே வண்டியிலிருந்து வாங்குதல் நலம். கம்பிகளை நிறம் பார்த்து இணைப்பது போதாது. அந்த ஆண்டுக்குரிய வரைபடத்தை முன்வைத்து, ஒவ்வொரு முனையையும் எழுதிக் குறித்துக்கொண்டே செல்ல வேண்டும்.

கலிபோர்னியாவிலோ இதற்கு மேலும் ஒரு வாயில் உண்டு. புகைச் சோதனைக்கு உட்பட்ட வண்டியில் எஞ்சினை மாற்றினால், அதனை அரசு நியமித்த நடுவரிடம் காட்ட வேண்டும். பொருத்திய எஞ்சின் வண்டியின் ஆண்டுக்கு முந்தியதாக இருத்தல் ஆகாது; அந்த எஞ்சினோடு பிறந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் வந்திருக்க வேண்டும். அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒப்புச் சீட்டை வண்டியில் ஒட்டிய பிறகே அது முறைப்படி சாலைக்கு வருகிறது.