டால்டா டப்பாவும் நெணச் சட்டியும்

எங்க சேரியில் எண்ணெய் என்பது நாள் கிழமைக்கு வாங்குகிற சாமான். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியா ஏலக்காட்டுக்கு நடந்து ஏறுகிற சனத்துக்குக் கெடைச்ச கொழுப்பு மாட்டு நெணம்தான். கறி போடுகிற அன்னைக்கு நெணத்தைத் தனியா அரிஞ்சு, உருக்கி, அம்மா சட்டியில் ஊத்தி வைக்கும். ஆறினால் வெள்ளையா உறைஞ்சிடும். “கொழம்புல ரெண்டு துண்டு போட்டாத்தான் மெட்டு ஏறக் காலு தாங்கும்” என்று சொல்லும். தப்பில்லை. மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. பள்ளிக்கூடத்தில் மட்டும் எங்க பக்கம் நெண வாடை அடிக்கிறதாக மூக்கைப் பொத்துவார்கள்.

ஊருக்குள் டால்டா. 1937இல் சந்தைக்கு வந்த வனஸ்பதி. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி உறைய வைத்த சரக்கு. நெய் வாங்க வக்கில்லாதவர்களுக்கு நெய் மாதிரி. காலி டப்பா மட்டும் எங்க குடிசைக்கு வந்து சேரும்.

1983இல் வெடித்தது விவகாரம். வனஸ்பதியில் இறக்குமதி மாட்டுக்கொழுப்பு கலந்திருக்கிறதாம். நாடாளுமன்றம் வரைக்கும் கூச்சல். அப்போ நாங்க மதுரை மாவட்டம். டீக்கடையில் பேப்பரைச் சத்தம் போட்டு வாசிச்சாங்க. “எல்லாம் தீட்டாப் போச்சே” என்று ஒருத்தர் காறித் துப்பினார். வெளியே தனிக் கிளாசோடு நின்ற எங்கப்பா வீட்டுக்கு வந்து சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில் இருக்கு. “நம்ம சட்டி அவுக அடுப்படிக்குள்ள போயிருச்சுடா.” மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள முடிச்சை அம்பேத்கர் 1948லேயே எழுதிவிட்டார். அப்பா அதைப் படித்ததில்லை.

கலப்படம் ஏமாற்றுதான், மறுக்கவில்லை. ஆனா உடம்புக்குக் கேடு எது என்று டீக்கடையில் ஒருத்தரும் கேட்கவில்லை. 1990இல் நெதர்லாந்தில் மென்சிங், காட்டன் இருவரும் சோதித்துச் சொன்னார்கள்: டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதைக் குறைக்கும். மாட்டு நெணத்தில் அது கொஞ்சம்தான்; எண்ணெயில் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது ஏராளமாகப் பிறக்கிறது. அதாவது, மாட்டைக் கலக்காத ‘சுத்தமான’ டால்டாவிலேயே கேடு இருந்தது. எண்ணெய், வனஸ்பதியில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வர 2022 சனவரி ஆயிற்று.

அதுக்காக நெணத்தைப் புனிதமாக்க மாட்டேன். ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. உட்கார்ந்து தின்றால் ரத்தக்குழாயைக் கெடுக்கும். இப்போ எங்க தெரு சனம் ஜீப்பில் மலைக்குப் போகுது. 2007 முதல் ரேஷனில் பாமாயில். அதிலும் நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேலே. அதுக்குத் தீட்டு கிடையாது.

போன மாதம் டாக்டர் அம்மாவிடம் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். “எந்தக் கொழுப்பய்யா?” என்று கேட்டது. அவர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார்.