பொடி மட்டைக்குள் ஒரு சாதி வரலாறு

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் பெரியவர்களிடம் மூக்குப்பொடியைப் பற்றிக் கேட்டால் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள்: காரம், மணம், நைசு. காரம் என்பது இழுத்த நொடியில் உச்சந்தலைக்கு ஏறுவது. மணம் என்பது காரம் அடங்கிய பிறகு மூக்கில் தங்கி நிற்பது. நைசு என்பது இரண்டு விரலுக்கு நடுவே பொடி உருளும் பதம். எந்தக் கடைப் பொடி, எந்த மார்க், புதுசா பழசா என்பதையெல்லாம் ஒரு சிட்டிகையில் சொல்லிவிடுகிற மூக்குகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன.

ஆனால் மூக்குப்பொடி ரசனை என்று தமிழில் பேசப்படும்போது இந்த மூக்குகள் வருவதில்லை. வித்துவான்கள் வருவார்கள், தமிழ்ப் பண்டிதர்கள் வருவார்கள், வெள்ளி டப்பி வைத்திருந்த ஜமீன்தார்கள் வருவார்கள். அந்த இலையை வளர்த்தவர், அதற்குத் தண்ணீர் இறைக்கத் தோல் தைத்தவர், வறுத்து இடித்தவர், தறிக்கூடத்தில் தூக்கத்தை விரட்ட அதைப் போட்டவர் யாரும் வருவதில்லை. ஆகவே நாங்கள் இந்தக் கட்டுரையில் பொடிகளின் மணத்தை ஒப்பிடப் போகிறோம். கூடவே, ஒவ்வொரு மணத்துக்குப் பின்னாலும் யார் கை இருந்தது என்றும் கேட்கப் போகிறோம்.

எது எப்படி மணக்கிறது

நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் மதராஸ் வகைப் பொடி. வெயிலில் பதப்படுத்திய காட்டமான புகையிலையை வறுத்து, இடித்து, சலித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்துச் செய்வது. சுண்ணாம்பு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. காரத்தன்மை கூடும்போது இலையில் கட்டுண்டு கிடக்கும் நிக்கோடின் விடுபட்டு, மூக்கின் சவ்வு வழியே சீக்கிரம் ரத்தத்தில் கலக்கிறது. கண்ணில் நீர் வரவைக்கும் அந்த நெடியும் அதனால்தான். நெய் அந்த எரிச்சலை மட்டுப்படுத்தும். பொடியைப் பறக்காமல் பிடித்துவைக்கும். எனவே மதராஸ் பொடியின் மணம் என்பது வறுத்த இலை, சுண்ணாம்பு, கொஞ்சம் பழகிய நெய் மூன்றும் சேர்ந்த மணம். ஈரம் போகாமல் இருக்க உலர்ந்த வாழைமட்டையில் மடித்துக் கொடுத்தார்கள். 'பொடி மட்டை' என்ற சொல் அப்படி வந்தது. டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி என்ற பெயரை நம் தாத்தா பாட்டிகளில் கேள்விப்படாதவர் குறைவு.

இதை ஐரோப்பியப் பொடிகளோடு வைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் 'ராப்பே' என்ற சொல்லுக்குத் துருவியது என்று பொருள். கறுப்பாக, பரபரவென்று, ஈரமாக இருக்கும். ஊறிப் புளித்த இலையின் மணம். ஸ்காட்லாந்து வகை அதற்கு நேர்மாறு: வறட்டுப் பொடி, மாவு போல நைசு, வறுத்த வாசம், காரம் அதிகம். மதராஸ் பொடிக்குப் பழகிய மூக்கு இதைச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும். ஜெர்மனியின் பவேரியாவில் 'ஷ்மால்ட்ஸ்லர்' என்று ஒன்று உண்டு. பிரேசில் புகையிலையில் செய்வது; 'ஷ்மால்ட்ஸ்' என்றால் உருக்கிய கொழுப்பு. நாம் நெய் சேர்த்தது போல அவர்கள் தங்கள் ஊர்க் கொழுப்பைச் சேர்த்தார்கள். காரம் குறைவு, இனிப்பு வாசம் தூக்கல். இங்கிலாந்தில் எலுமிச்சை இனத்துப் பழமான பெர்கமாட்டின் எண்ணெய் சேர்த்த பொடி ஒரு காலத்தில் பெயர் பெற்றது. பின்னாளில் மெந்தால் போட்ட பொடி வந்தது.

இவற்றில் ரோஜா வாசம் வீசும் 'மக்கூபா' பொடியின் கதையை நாம் கவனிக்க வேண்டும். மக்கூபா என்பது கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவின் ஓர் ஊர். அந்தத் தீவில் அடிமை முறை 1848 வரை இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட மக்கள் உழைத்த மண்ணின் பெயர், பாரிஸ், லண்டன் சீமாட்டிகளின் டப்பிகளில் ரோஜா மணத்தோடு குடியேறியது. ஊர்ப் பெயர் நிலைத்தது, உழைத்தவர் பெயர் நிலைக்கவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் மசூலிப்பட்டணம். ஆந்திரக் கடற்கரையின் அந்தத் துறைமுகத்தின் பெயரில் ஒரு பொடி லண்டன் கடைகளில் விற்பனையானது. ஈரப்பதமும் வாசனையும் மிகுந்த ரகம் என்று அங்குள்ளவர்கள் விரும்பி வாங்கினார்கள். அந்த இலையைப் பயிரிட்டவர் யார், இடித்தவர் யார் என்பதை அந்த ரசனை எழுதி வைக்கவில்லை.

எச்சில் படாத போதை

புகையிலை நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. வந்த வேகத்திலேயே பரவி, 1617இல் முகலாய மன்னர் ஜஹாங்கீர் புகைபிடிக்கத் தடை போடும் அளவுக்குப் போனது. வேதத்திலும் இல்லாத, ஆகமத்திலும் இல்லாத ஒரு அந்நியச் செடி, சில தலைமுறைகளுக்குள் ஆசாரமான வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது?

எங்கள் பதில் இது: சாதியின் தூய்மைக் கணக்கில் எச்சில்தான் பெரிய தீட்டு. சுருட்டும் பீடியும் உதட்டில் படும். வெற்றிலையோடு போடும் புகையிலை வாயில் ஊறும், துப்ப வேண்டும். மூக்குப்பொடி உதட்டையே தொடுவதில்லை. ஆசாரம் கெடாமல் போதை கிடைக்கிறது. எனவேதான் சுருட்டு உழைப்பவனின் அடையாளமாகவும், பொடி படித்தவனின் அடையாளமாகவும் பிரிந்தன என்று நாங்கள் வாசிக்கிறோம். செடி ஒன்று, போதை ஒன்று. மரியாதை மட்டும் இரண்டு.

வடநாட்டில் இதே கணக்கு வேறு விதமாக இயங்கியது. அங்கே ஹூக்காவைப் பகிர்வது ஒரே சாதிக்குள் நடக்கும் உறவு. சாதிக் கட்டுப்பாட்டை மீறியவரைத் தள்ளி வைப்பதற்குப் பெயரே 'ஹூக்கா பானி பந்த்', அதாவது ஹூக்காவும் தண்ணீரும் நிறுத்தம். நம் ஊரில் அந்த வேலையை இரட்டைக் குவளை செய்தது.

பொடியிலும் ஒரு தொடுகை இருக்கிறது. டப்பிக்குள் விரல் விட வேண்டும். யார் டப்பியில் யார் விரல் விடலாம்? பொருளைக் கையில் கொடுக்காமல் மேலிருந்து போடுவதும், காசைத் தரையில் வைக்கச் சொல்வதும் வழக்கமாக இருந்த ஊர்களில், ஒருவர் தன் டப்பியைத் திறந்து இன்னொருவரிடம் நீட்டுவது சின்ன விஷயம் அல்ல. நீட்டுவது சமம் என்று ஒப்புக்கொள்வது. நீட்டாமல் மூடிக்கொள்வது, வாய் திறக்காமலே சாதியைச் சொல்லிவிடுவது.

திருச்சபையும் அரண்மனையும் இதற்கு விலக்கல்ல. 1642இல் போப் எட்டாம் உர்பான் செவில் மறைமாவட்டத் தேவாலயங்களில் புகையிலையைத் தடை செய்தார். 1725இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் காலத்தில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு தளர்ந்தது. இங்கிலாந்தின் சார்லட் ராணிக்கு 'பொடி சார்லட்' என்றே பட்டப்பெயர். மேலே இருப்பவர் கையில் வந்ததும் கெட்ட பழக்கம் நாகரிகமாகிவிடுகிறது. நம் ஊரில் அறிஞர் அண்ணாவின் பொடிப் பழக்கம் ஊரறிந்தது. அதைப் பாசத்தோடுதான் பேசுகிறோம். அதே பொடியைக் குடிசை வாசலில் உட்கார்ந்து நம் பாட்டி போட்டால் முகம் சுளிக்கிறோம்.

இலைக்குத் தண்ணீர் விட்டவர்கள்

கொங்கு நாடு பழைய புகையிலைப் பூமி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலபாரில் கிழக்கிந்தியக் கம்பெனி புகையிலை ஏகபோகம் நடத்தியபோது, கோவைப் பக்கத்து இலை பாலக்காட்டுக் கணவாய் வழியே அங்கே போனது. இங்கே விளைந்தது காட்டமான இலை. கிணற்றின் சப்பைத் தண்ணி பாய்ந்த புகையிலை சிகரெட்டுக்கு ஆகாது. உப்பு ஏறிய இலை சரியாக எரியாது. மெல்லுவதற்கோ பொடிக்கோ எரிய வேண்டிய அவசியமில்லை.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படி மேலே வந்தது? கவலை ஏற்றத்தில், எருதுகள் இழுக்க, தோல் சாலில் வந்தது. அந்தத் தோலைப் பதப்படுத்தியவர்கள், தைத்தவர்கள், கிழிந்தால் ஓடிவந்து சரி செய்தவர்கள் அருந்ததியர்கள். தோட்டக்காரரிடம் வருஷக் கணக்கில் பண்ணையத்தில் கட்டுண்டு, தானியக் கூலி வாங்கியவர்கள். தோல் சால் இல்லாமல் கொங்கு நாட்டில் தோட்டப் பயிர் இல்லை. ஆனால் அந்தச் சாலில் வந்த தண்ணீரைத் தன் கையால் மொண்டு குடிக்க அதைத் தைத்தவருக்கு உரிமை இல்லை. கொங்குப் புகையிலையின் காரத்தைப் புகழ்கிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மின் மோட்டார் கிணற்றுக்குள் இறங்க இறங்க, தோல் சால் வெளியேறியது. அதோடு அருந்ததியரின் கைத்தொழிலும் போனது. பிடி இறுகியிருந்த பண்ணை உறவும் மெல்ல அவிழ்ந்தது. வரலாற்றாளர் குன்னெல் செடர்லாஃப் 1997இல் வெளியிட்ட தம் நூலில் இந்த மாற்றத்தைத்தான் ஆராய்ந்தார். விடுதலை என்று முழுதாகச் சொல்ல முடியாது. கட்டும் போனது, வேலையும் போனது. நிலம் மட்டும் வரவில்லை. அதே மின்சாரம்தான் கோவையின் மில்களையும், பின்னால் சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடத்துத் தறிகளையும் ஓட்டியது. கிணற்றடியிலிருந்து கிளம்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தத் தறிகளுக்கு வந்தார்கள்.

இலை பறிக்கும் வேலையையும் மறந்துவிடக் கூடாது. ஈரமான பச்சைப் புகையிலையைத் தொட்டாலே நிக்கோடின் தோல் வழியாக உடம்பில் ஏறும். தலைசுற்றல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரும். மருத்துவ உலகம் இதைப் பச்சைப் புகையிலை நோய் என்கிறது. பொடி போடாதவர் உடம்பிலும் இந்தப் போதை ஏறியிருக்கிறது; மணம் இல்லாமல், மரியாதை இல்லாமல்.

தறிக்கூடத்துப் பொடி

தறிக்கூடத்தில் பீடி பற்ற வைக்க முடியாது. காற்றெல்லாம் பஞ்சு, ஒரு பொறி போதும். தறியை நிறுத்திவிட்டு வெளியே போனால் கூலி போகும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ராத்திரியிலும் தூங்காத தறிச் சத்தம், அறுந்த இழையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கண். இந்த இடத்தில் ஒரு சிட்டிகைப் பொடி என்பது ரசனை அல்ல, வேலைக் கருவி. நெருப்பு வேண்டாம், வெளியே போக வேண்டாம், ஒரு கை போதும். தார் சுற்றும் பெண்களில் பலர் அதை மூக்கில் போடாமல் ஈறில் தேய்க்கிறார்கள். பல்வலிக்கு, பசிக்கு, தூக்கத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து.

பொடி போட்டால் மூக்கில் ஏறிய பஞ்சுத் தூசி தும்மலில் வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. தும்மலில் வெளியேறுவது மூக்கில் ஒட்டியது மட்டுமே. நுரையீரலுக்குள் இறங்கிய பஞ்சை எந்தத் தும்மலும் வெளியே கொண்டுவராது. மூச்சிரைக்க வைக்கும் பஞ்சு நோயை எந்தப் பொடியும் தடுக்காது.

மூக்குப்பொடிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று லண்டன் மருத்துவர் ஜான் ஹில் 1761இலேயே எச்சரித்தார். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வாயிலும் ஈறிலும் வைத்துத் தேய்ப்பது வாய்ப்புற்றுக்கு வழி. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் மூக்குப்பொடியையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மணத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள் இதையும் சொல்லாமல் விட்டால் அது நம் மக்களுக்குச் செய்யும் துரோகம். இளைய தோழர்கள் யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

ஆனால் "பொடியை விடுங்கள்" என்று பாட்டிக்கு அறிவுரை சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் பேசுவது, காயத்தை விட்டுவிட்டு ஈயை விரட்டுவது போல. இ.எஸ்.ஐ. திட்டம் பொதுவாக 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்துகிறது. சிறு தறிக்கூடங்களில் உழைப்பவர் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். முன்பணம் வாங்கிவிட்டவர் கூடம் மாறவும் முடியாது, நேரம் குறைக்கச் சொல்லவும் முடியாது. பண்ணையத்துக் கட்டு தறிக்குள் வேறு பெயரில் தொடர்கிறது.

எனவே மாணவத் தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்: எந்தப் பொடி போட்டீர்கள், எந்தக் கடையில் வாங்கினீர்கள், கையில் கொடுத்தார்களா, மேலிருந்து போட்டார்களா, யார் தன் டப்பியை உங்களிடம் நீட்டினார்? ஊர்ப் பெயரும் ஏறத்தாழ ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். அது எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத தீண்டாமை வரலாறு. இரண்டு, உங்கள் பகுதித் தறிக்கூடங்களில் வாய், பல், நுரையீரல் பரிசோதனை முகாம் கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனு கொடுங்கள். ஷிப்ட் நேரத்தையும் முன்பணத்தையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள்; நோய்க்குக் காரணம் அவையும்தான்.

வித்துவான்களின் வெள்ளி டப்பிகளைப் பற்றி ஏற்கனவே நிறைய எழுதியாகிவிட்டது. நம் பாட்டிகளின் முந்தானையில் முடிந்திருந்த பொடி மட்டையைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.