மூனிக்கில் பிறந்த கோதே நிலையம்

1925-இல் மூனிக்கில் தொடங்கிய ஜெர்மன் அகாதமி, வெளிநாட்டினருக்கு ஜெர்மன் கற்பித்துவந்தது. நாஜி ஆட்சியில் அது பிரசாரக் கருவியாக மாறியது. போர் முடிந்ததும், 1945-இல், நேசநாடுகள் அதைக் கலைத்துவிட்டன. அதன் வழித்தோன்றலாக 1951-இல் அதே நகரில் கோதே நிலையம் பதிவானது. லாப நோக்கற்ற சங்கமான இதன் முதல் வேலை, வெளிநாட்டு ஜெர்மன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதுதான்.

1953-இல் பாட் ரைஷன்ஹாலில் மொழி வகுப்புகள் தொடங்கின. கூட்டம் பெருகவே முர்னாவ், கோகல் ஆகிய ஏரிக்கரைச் சிற்றூர்களிலும் மையங்கள் திறக்கப்பட்டன. இடத்தேர்வில் கணக்கு இல்லாமலில்லை: பெருநகரங்களில் இடிபாடுகள் இன்னும் கிடந்த காலம் அது, வந்தவர்கள் ஆல்ப்ஸ் அடிவாரத்து அழகைப் பார்க்கட்டும் என்றே நினைத்தார்கள். ஷுல்ஸ், கிரீஸ்பாக் இருவரும் எழுதிய பாடநூல் 1955-இல் வெளிவந்து, நெடுங்காலம் இவ்வகுப்புகளின் முதன்மை நூலாக இருந்தது.

1952-இல் ஏதென்ஸில் முதல் வெளிநாட்டுக் கிளை அமைந்தது. 1959 முதல் வெளிநாடுகளிலிருந்த மேற்கு ஜெர்மானியப் பண்பாட்டு நிலையங்களும் இதன் பொறுப்புக்கு வந்தன. 1976-இல் வெளியுறவு அமைச்சகத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. பணத்தில் பெரும்பங்கு அரசுடையது, நிகழ்ச்சிகளை முடிவுசெய்வது நிலையம். இந்த ஏற்பாடு உரசலின்றி நடந்ததில்லை.

இந்தியாவில் இதன் கிளைகளுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். சென்னையிலும் ஒன்று உண்டு. பெயருக்குரிய மாக்ஸ் முல்லர், ரிக்வேதத்தைப் பதிப்பித்த அறிஞர்; ஆனால் அவர் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை.